பெட்டியின் மேல் எழுதிய சொல்

புதுப் பலகாரம் என்றால் அரியணையை விட்டே எழுந்துவிடும் அரசர் ஒருவர், முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை ஆண்டுவந்தார். துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலேய வணிகர் அவருக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார். மூடியில் 'கிஃப்ட்' என்று எழுதியிருந்தது. அதைச் சபைக்குச் சுமந்து வந்தவன் விகடகவி கூத்தபிரான்.

அவன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த துபாஷி அரங்கண்ணல் துள்ளி எழுந்தார். அயல்மொழிகளை அரசருக்குப் பெயர்த்துச் சொல்வது அவர் வேலை. ஜெர்மானிய மாலுமி ஒருவனிடம் அவன் மொழியைப் பாடம் கேட்டவர். வெள்ளைக்காரர் அனைவருக்கும் அதுவே மொழி என்று நம்பியவர்.

"தொடாதீர்கள், மகாராஜா! கிஃப்ட் என்றால் நஞ்சு! இந்தக் கோமாளி தங்களைக் கொல்லப் பார்க்கிறான்."

அரசரின் முகம் வெளிறியது. "கூத்தபிரான், உன் தலை தப்பாது!"

"தங்கள் சித்தம், அரசே. ஆனால் நஞ்சு கொண்டுவந்தவன் அதைத் தானே உண்டு சாகவேண்டும் என்பதல்லவா நம் நாட்டு வழக்கம்?"

"ஆம். உண்!"

கூத்தபிரான் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினான். "உயிர் போகவில்லையே" என்று வருந்தி இன்னொன்றை எடுத்தான்.

"மெல்லக் கொல்லும் நஞ்சு, மகாராஜா!" என்று பதறினார் அரங்கண்ணல்.

"அப்படியானால் நிறையத்தான் தின்னவேண்டும், துபாஷியாரே" என்று கைநிறைய அள்ளினான். சர்க்கரையில் வறுத்த வாதுமையின் மணம் அரசரின் மூக்கை எட்டியது.

"நில்லடா! எனக்கும் மிச்சம் வை!" என்று அரசர் இறங்கி வந்து பெட்டியைப் பற்றிக்கொண்டார்.

"நான் படித்த சொல் பொய்யா?" என்று கேட்டார் அரங்கண்ணல்.

"பொய்யில்லை, ஐயா. ஜெர்மானியருக்கு அது நஞ்சு. சுவீடன் நாட்டாருக்கோ மணமானவர் என்றும் பொருள். இதை அனுப்பியவர் ஆங்கிலேயர். அவருக்கு அது அன்பளிப்பு. கப்பல் கப்பலாக ஏறிக் கேட்டிருக்கிறேன். கொடுத்தவர் எந்த நாட்டவர் என்று தாங்கள் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே!"

அரசர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அது கிடக்கட்டும். நீ இங்கே தின்றது ஒரு பிடி. பாதிப் பெட்டி காலியாக இருக்கிறதே!"

"துறைமுகம் கொஞ்சத் தொலைவா, அரசே? நஞ்சில்லை என்று வழியிலேயே நன்றாகச் சோதித்துவிட்டேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒவ்வொரு கப்பலிலும் பாடம் கேட்டு வருமாறு துபாஷியைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். "உனக்கு என்ன வேண்டும், கேள்!" என்றார் விகடகவியிடம்.

"எதுவானாலும் சரி, அரசே. அது இன்னதென்று தமிழில் சொல்லிவிட்டுக் கொடுங்கள், போதும்."

"இந்தா, பரிசு!" என்று சபை முழுதும் கேட்கச் சொல்லி, அரசர் தம் முத்துமாலையை அவன் கழுத்தில் சூட்டினார்.