பாவாயி வைத்த பம்பு

மண்ணுக்கடியில் கிருமிகளும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு வாழைத்தோட்டத்து ஈரத்தில் பாவாயி என்ற கிருமி இருந்தாள். தங்கை பொன்னாயி, சொந்தபந்தம் என்று கூட்டம் கூட்டமாக வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வாய் ஏது, காது ஏது? சொல்ல நினைத்ததை மணமாக வெளியே விடுவார்கள். அது அடுத்தவள் உடம்புக்குள் நுழைந்தால் பேச்சு கேட்டுவிடும். அதனால் யாருடைய உடம்பிலும் வாசல் அடைத்துக் கிடந்ததில்லை. உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது அந்தச் சனத்தில் பெரிய அவமரியாதை.

ஒருநாள் பக்கத்தில் பூஞ்சணம் ஒன்று குடிவந்தது. தன் இடத்தைப் பெருக்கிக்கொள்ள அது நஞ்சைக் கசியவிட்டது. விருந்தாளிதானே என்று கிருமிகள் அந்த நஞ்சையும் உள்ளே விட்டார்கள். விட்டவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

பாவாயிக்கும் உள்ளே எரிந்தது. வழக்கமாவது ஒன்றாவது என்று, கிணற்று நீரை இறைக்கிற பம்பு மாதிரி ஒன்றைத் தன் உடம்புச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் ஒண்ணு வெச்சுக்கோ கண்ணு" என்றாள் தங்கையிடம்.

"நம்ம சனம் பேசறதையும் அது எறைச்சுக் கொட்டிருமேக்கா" என்றாள் பொன்னாயி.

பாவாயி பம்பை ஓட்டினாள். எரிச்சல் அடங்கியது. தங்கையின் பேச்சும் அடங்கியது. பம்புக்கு நஞ்சென்ன, தங்கச்சியென்ன? பொன்னாயியின் மணம் வந்து வந்து சுவரில் மோதுவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. பம்பை நிறுத்தினால் கேட்கலாம். நிறுத்தினால் சாவு. பாவாயிக்குத் துணிவு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மோதலும் நின்றுபோனது.

நஞ்சு வற்றியபோது அவள் ஒருத்திதான் மிச்சம். பாவம், அழுதால் கேட்கக்கூட ஆளில்லை. நஞ்சு திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் பம்பை மட்டும் நிறுத்தவே இல்லை. பிறகு, கிருமிகள் பிள்ளை பெறுகிற விதமாக, தன்னையே இரண்டாகப் பிளந்துகொண்டாள். துணை கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போய் மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அம்மா பேசறது கேக்குதா?"

மகளின் உடம்பிலும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

பூஞ்சண நஞ்சைப் பின்னாளில் நாம் மருந்தாக்கிக்கொண்டோம். ஆனால் பாவாயி அன்று வைத்த பம்பால்தான், சில கிருமிகள் அந்த மருந்தை வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக் கிடந்தாலும், பக்கத்தில் இருப்பவள் கூப்பிடுவது மட்டும் அவற்றுக்குக் கேட்பதில்லை.