நீட்டிய கை

மலைமேல், குரங்குகளை வைத்து மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிற கூடம் ஒன்றில், முன்பு ஒரு நீல நிற ஐஸ் பெட்டி வாழ்ந்தது.

அதற்கு ஒரே ஒரு வேலை. உள்ளே வைத்ததைக் குளிர் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மருந்தை வைத்தாலும் சரி, ரத்தத்தை வைத்தாலும் சரி, பெட்டி கேள்வி கேட்காது. மூடியை இறுக்கிக்கொண்டு, வாரை யாருடைய தோளுக்கோ கொடுத்துவிட்டு, கம்மென்று இருக்கும்.

அந்தக் கூடத்தில் மற்ற எல்லாமே எதையாவது சொல்லிப் புலம்பிக்கொண்டிருக்கும். கூண்டுக் கதவுக்குத் துருவைப் பற்றிக் கவலை. தராசுக்கு, தன்மேல் ஏறிய எதுவும் அசையாமல் நிற்பதில்லையே என்று கவலை. பெட்டிக்கு ஒன்றும் கிடையாது. "நெஞ்சுக்குப் பதிலா ஐஸை வச்சுத் தச்சுட்டாங்க இவனுக்கு" என்று கதவு சொல்லும். பெட்டி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டது.

மலைக்குக் கீழே ஓர் ஊர். மழை விட்டு, வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிற நாட்களில் அங்கே மூளைக்காய்ச்சல் வரும். பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துப் பிடிக்கும். சிலரைக் கையோடு கொண்டுபோய்விடும். விட்டுவிட்டுப் போன பிள்ளைகளும் பழைய பிள்ளைகளாக இருப்பதில்லை. கை நடுங்கும். வாய்க்குக் கொண்டுபோகிற சோறு வழியிலேயே சிந்தும். நேற்றுவரை அம்மா, அம்மா என்று காலைச் சுற்றிய பிள்ளை, அம்மாவை யாரோ எவரோ போலப் பார்க்கும்.

அந்தக் காய்ச்சலுக்கு டாக்டர் ரெஜினா ஒரு தடுப்பு மருந்து செய்திருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் குரங்குக் குட்டிகளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கூடத்தில் செவந்தி என்று ஒரு தாய்க் குரங்கு இருந்தாள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு பொட்டு என்று ஒரு குட்டி. நெற்றியில் ஒரு துளி வெள்ளை ரோமம் இருந்ததால், குரங்குகளைப் பார்த்துக்கொள்கிற சவரிமுத்து வைத்த பெயர் அது.

சவரிமுத்து, குரங்குகளை அமுக்கிப் பிடிக்கிற ஆள் இல்லை. அவையாகவே கம்பிக்கு வெளியே கையை நீட்டும்படி பழக்கி வைத்திருந்தான். "கையக் காட்டு தாயி" என்பான். செவந்தி கையை நீட்டுவாள். ஊசி குத்தும். குத்திய கையோடு உள்ளங்கையில் ஒரு வேர்க்கடலை விழும். அவள் அதை வாயில் போட்டதும் பொட்டு தாவி வந்து அவள் வாயிலிருந்தே பிடுங்கித் தின்னும்.

ஊசியைப் பற்றிச் செவந்திக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: தான் கையை நீட்டினால் எல்லாம் முடிந்துவிடும்.

மருந்து போடுகிற நாளில் பெட்டிக்குள் இரண்டு குப்பிகள் வந்தன. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"நான் மருந்து" என்றது ஒன்று.

"நான் வெறும் உப்புத் தண்ணி" என்றது மற்றது. "என்னை எதுக்கு இவ்வளவு மரியாதையா ஐஸ்ல வச்சுத் தூக்கிட்டுப் போறாங்கன்னே தெரியல, பெட்டியண்ணே."

பெட்டிக்குத் தெரியும். பல வருஷமாகப் பார்க்கிற வேலைதானே. "மருந்து போட்ட குட்டி பிழைச்சா, மருந்தால பிழைச்சுதா, தானாப் பிழைச்சுதான்னு எப்படிச் சொல்றது? போடாத குட்டி ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் தெரியும்."

"எந்தக் குட்டிக்கு எதுன்னு டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு ஒரு பக்கமாச் சாஞ்சிரும். அதான் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை."

அடுத்த கூண்டுக் குட்டிக்கு மருந்து போனது. செவந்தி கடலையைத் தேடிக் குனிந்த நேரத்தில், அவள் வயிற்றில் தொங்கிய பொட்டுவின் தொடையில் உப்புத் தண்ணீர் ஏறியது. குட்டி வீலென்று கத்தியது. செவந்தி கடலையை விட்டெறிந்தாள். ஏமாந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. எதில் என்றுதான் புரியவில்லை.

குத்தி முடித்த ஊசிகளும் காலிக் குப்பிகளும் குப்பைக்குப் போய்விட்டன. கூண்டுகளுக்கு நடுவே யாருக்கு எது என்று தெரிந்தது இப்போது பெட்டிக்கு மட்டும்தான்.

சில வாரங்கள் போயின. பிறகு ஒரு நாள், பெட்டிக்குள் காய்ச்சலே வந்து உட்கார்ந்தது.

சின்னக் குப்பி. அடியில் கொஞ்சம் கலங்கல். அவ்வளவுதான் காய்ச்சல். ஆனால் வாய் மட்டும் ஊரளவு.

"என்னப்பா பெட்டி, சௌக்கியமா? நல்லா இறுக்கி மூடு. எனக்குக் குளிர் குறைஞ்சா ஆகாது."

"ஊரையே சுட வைக்கிற ஆளு நீ. உனக்கே சூடு ஆகாதா?" என்றது பெட்டி.

"பிள்ளைங்க உடம்புக்குள்ள இருந்தா எந்தச் சூட்டையும் தாங்குவேன். வெளியில கொஞ்சம் வெயில் பட்டாப் போதும், செத்துருவேன். அதனாலதான் உன்னை நம்பி வந்திருக்கேன்." காய்ச்சல் குரலைத் தாழ்த்தியது. "இன்னைக்கு ரெண்டு வீடாமே? ஒண்ணுல காவல் இருக்குமாம். இன்னொண்ணு?"

பெட்டி குப்பியைச் சுற்றி ஐஸை நெருக்கிக்கொண்டது.

"சொல்ல மாட்டியே! பரவாயில்ல. உள்ள போய் நானே பாத்துக்கிறேன்."

மருந்து தடுக்கிறதா என்று பார்க்க, காய்ச்சலை அடுத்த கூண்டுக் குட்டிக்கு முதலில் குத்தினார்கள். பிறகு டாக்டர் பெட்டியைக் கொண்டுவந்து செவந்தியின் கூண்டுக்கு முன்னால், ஜன்னலோரமாக வைத்தார். புது ஊசி ஒன்று உறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. ஒரு குத்துதான் அதற்கு ஆயுசு, அவசரம் தாங்கவில்லை.

செவந்தி இந்தமுறை குனியவில்லை. சவரிமுத்து காட்டிய கடலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கையால் குட்டியை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்.

"இது இல்ல தாயி. உள்ள எடுத்துக்கோ. குட்டியக் காட்டு" என்றான் சவரிமுத்து.

அவள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

அவன் மெதுவாகக் கையை உள்ளே தள்ளினான். அது மறுபடியும் வெளியே வந்தது. தள்ளத் தள்ள வந்தது.

"என்ன டாக்டரம்மா செய்ய? நான் சொல்லிக் குடுத்ததையே எனக்குத் திருப்பிக் காட்டுது."

"கொஞ்சம் பொறுப்போம்" என்றார் டாக்டர். அவரும் அந்தக் கையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

பெட்டி அதுவரை எந்தக் குரங்கிடமும் பேசியதில்லை. அன்று பேசியது.

"உன் கை அவங்களுக்கு வேணாம் தாயி."

"ஏன்? எப்பவும் இதைத்தான கேப்பாங்க?"

"உன் ரத்தத்தைச் சுமந்தவன் நான், எனக்குத் தெரியும். காட்டுல இருந்தப்பவே இந்தக் காய்ச்சல் உனக்கு வந்து போயிருக்கு. உன் ரத்தத்துல காவல் நிக்குது. இவன் உள்ள வந்தா வாசல்லயே அடிச்சுத் துரத்திரும்."

"எம்புள்ள ரத்தத்துல?"

"நீ பால்ல குடுத்த காவல் கொஞ்ச நாள் நின்னுச்சு. இப்ப இல்ல."

செவந்தி கையை மடக்கவில்லை. "அப்ப என் காவலை எடுத்து அதுக்குக் குடுங்க. அதுக்குத்தான நீட்டுறேன்."



நேரம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே வெயில் தரையில் நகர்ந்து வந்து பெட்டியின் மேல் ஏறியது. மூடியின் கொக்கி பழையது. பெட்டி நினைத்தால் அதைக் கொஞ்சம் நழுவ விடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

உள்ளேயிருந்து காய்ச்சல் கத்தியது. "டேய், வெயில் வருது! மூடியை இறுக்குடா!"

பெட்டி யோசித்தது. கொக்கி நழுவினால் இது செத்துவிடும். டாக்டர் குத்துவார், பொட்டுவுக்கு ஒன்றும் ஆகாது. செவந்தி நாளைக்கும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு பேன் பார்ப்பாள். ஆனால் மருந்து போட்ட குட்டியும் பிழைக்கும், போடாத குட்டியும் பிழைக்கும். மருந்து நல்லதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மறுபடியும் வேறு இரண்டு குட்டிகள். வேறு ஒரு தாயின் கை. அதற்குள் கீழே ஒரு மழைக்காலம் வந்து, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போய்விடும்.

பெட்டி செவந்தியின் கையைப் பார்த்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது.

பிறகு மூடியை இறுக்கிக்கொண்டது.

கடைசியில் கூண்டின் நகரும் பின்சுவரை முன்னால் தள்ளித்தான் செவந்தியை நெருக்க வேண்டியிருந்தது. சவரிமுத்து அந்தச் சுவரைத் தொட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. ஊசி தன் ஒரே குத்தைக் குத்தி முடித்தது. குத்துகிறபோதும் செவந்தியின் கை வெளியேதான் இருந்தது.

அடுத்த கூண்டுக் குட்டிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பொட்டுவுக்கு முதலில் உடம்பு சுட்டது. அப்புறம் கை நடுங்கியது. தாயின் வாயிலிருந்து பிடுங்கிய கடலை அதன் விரல்களில் நிற்காமல் விழுந்தது. அது விழுந்த கடலையைப் பார்த்தது, தாயைப் பார்த்தது, இரண்டையும் ஒரே மாதிரிப் பார்த்தது.

யார் அந்தப் பக்கம் போனாலும் செவந்தி கையை நீட்டினாள். டாக்டர் போனாலும் நீட்டினாள். தரை கழுவுகிறவள் போனாலும் நீட்டினாள். சவரிமுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு கடலை வைத்தான். அவள் தின்னவில்லை.

ஒரு காலையில் பொட்டு அசையவில்லை. அதற்குப் பிறகும் அவள் அதைக் கீழே விடவில்லை.

டாக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மருந்து ஜெயிச்சிருச்சு டாக்டரம்மா" என்றான் சவரிமுத்து.

"ஆமா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மழைக்காலத்துக்கு முன்பே, பரிசோதனைகளெல்லாம் முடிந்து, மருந்து மலையிலிருந்து இறங்கியது. நீலப் பெட்டிதான் சுமந்துவந்தது. ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டிருந்தார்கள். அம்மாக்களும் பிள்ளைகளும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பெட்டி மேசைக்கு அடியில் இருந்தது.

தமிழரசி என்று ஒரு சின்ன வயது அம்மா, இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. ஊசிக்குப் பயந்து பிள்ளை அழுதது. அவள் முகம் அதைவிட மோசமாக இருந்தது.

"கையக் காட்டும்மா" என்றாள் நர்ஸ்.

தமிழரசி பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டாள். இன்னொரு கையை மேசைமேல் நீட்டினாள்.

வரிசையே சிரித்தது. "ஏய், உனக்கில்லடி, புள்ளைக்கு!"

"அவளுக்கும் ஒண்ணு போட்டு விடுங்க சிஸ்டர், ஆசையா நீட்டுறா!"

"தெரியும்க்கா... தெரியும்" என்றாள் தமிழரசி. அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் கை மட்டும் உடனே திரும்பவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து பெட்டி அந்தக் கையைப் பார்த்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்திருந்தது.

பெட்டிக்குள் ஏதோ நெகிழ்ந்தது. கொக்கி ஆடியது. ஆனால் உள்ளே இன்னும் குப்பிகள் இருந்தன. வரிசையில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்கள். அது பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இறுக்கியது.

சாயங்காலம், கடைசிக் குப்பியும் எடுத்தாயிற்று. கடைசிப் பிள்ளையும் அழுது முடித்துவிட்டு மிட்டாயோடு போய்விட்டது. வேலையாள் வாரைத் தோளில் மாட்டித் தூக்கியதும், பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் நடக்க நடக்க, சொட்டு தாரையாகி வராந்தா நெடுக ஒழுகியது.

"என்ன சிஸ்டர் இது? காலையிலிருந்து ஒரு சொட்டு விடல, இப்ப இப்படிக் கொட்டுது!"

நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒழுகட்டும் விடு. உள்ளதான் ஒண்ணும் இல்லையே."