செவலையின் குட்டிகள்

குரு என்றதும் தாடி, மரத்தடி, மான்தோல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்குப் பெயர் ஜெனிட்டா. வயது முப்பதைத் தாண்டவில்லை. தூத்துக்குடியில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் குதிரை வளர்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் குட்டி எடுத்து, வளர்த்து, பழக்க வேண்டும். அதில் ஜெனிட்டாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கெங்கோ இருந்தெல்லாம் சந்தேகம் கேட்பார்கள். அவள் யாருக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. எதையாவது செய்யச் சொல்லுவாள், பதில் அதற்குள் கிடக்கும்.

அவளுக்கு வாய்த்த சீடர் பொன்னுலிங்கம். ஐம்பதைத் தாண்டியவர். துறைமுகச் சாலையில் எடைமேடையில் வேலை, லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுவார். ஆள் நல்ல குள்ளம். “அண்ணாச்சி, எந்திரிச்சு நின்னு பேசுங்க” என்று லாரி டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

அந்தச் சிரிப்பு, மகளை அளந்த நாளோடு நின்றுபோனது.

மகள் சண்முகப்பிரியா போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டாள். விண்ணப்பம் போடுவதற்குத்தான் அவர் முதன்முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு இந்த மாடிப்படி ஏறினார். தேர்வு மைதானத்தில் அளவுக் கம்பத்தின் கீழே அவளை நிறுத்தினார்கள். ஒரு கட்டைவிரல் அகலம் குறைந்தது. ஓட்டத்தில் யாரையும் முன்னால் விடாதவள், ஓடாமலேயே திரும்பி வந்தாள். அம்மா நெடுநெடுவென்று இருப்பாள். அந்த உயரம் வராமல் அப்பாவின் உயரம் வந்திருந்தது.

வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவருக்கு மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வேலை முடிந்ததும் மாடிப்படி ஏறி, ஜெனிட்டாவின் ஜன்னலோர கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவார். கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பார்.

அவரிடம் செவலை என்று ஓர் ஆண் குதிரை இருந்தது. அதுவும் குள்ளம். எத்தனையோ நல்ல குதிரைகள் இருக்க, அதைத்தான் பிடிவாதமாக வைத்திருந்தார். சந்தையில் இருப்பதிலேயே நெட்டையான பெண் குதிரையைப் பிடித்துவந்து அதோடு சேர்ப்பார். குட்டி பிறந்ததும் கொட்டில் சுவரில் ஒரு சிவப்புக் கோடு தெரியும். குட்டியின் தலை கோட்டைத் தொட்டால் உயர்ந்த சாதி. தொடாவிட்டால் குட்டை. செவலையின் குட்டி ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ச்சல் வெளிக்குத் தள்ளிவிட்டு, செவலையை மறுபடி இணைக்கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்துவார்.

ஒருநாள் கேட்டே விட்டார்.

“குருவே, குட்டைக் குதிரைக்கு நெட்டைக் குட்டி பிறக்கவே பிறக்காதா?”

ஜெனிட்டா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அந்த விளையாட்டின் விதி அவருக்குத் தெரியாதது அல்ல. ஒவ்வொரு குதிரைக்குள்ளும் உயரத்துக்கென்று இரண்டு கூறு இருக்கும். தாய் ஒன்றைத் தரும், தகப்பன் ஒன்றைத் தரும். இரண்டும் நெட்டைக் கூறாக அமைந்தால்தான் குட்டி கோட்டைத் தொடும். செவலையிடம் இருந்த இரண்டுமே குட்டைக் கூறு. அதை வைத்துக்கொண்டு அது எதைக் கொடுக்கும்? தெரிந்துகொண்டேதான் மனிதர் முட்டிக்கொண்டிருந்தார்.

“செவலையை எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க அண்ணாச்சி” என்றாள். “போன தடவை ரெட்டைக் குட்டி பிறந்துதுல்லா, அதுல ஒண்ணையும் குடுங்க. இன்னொண்ணை நீங்க வளருங்க. நான் சொல்லுத தீனியை மட்டும் போடுங்க.”

செவலையைப் பிரிய அவருக்கு மனசே இல்லை. அடுத்து பிறப்பது கோட்டைத் தொட்டுவிட்டால் என்று ஒரு நப்பாசை. ஆனால் குரு கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். கொடுத்தார்.

படி இறங்கப்போனவரை ஜெனிட்டா நிறுத்தினாள். சாயங்காலம் சண்முகப்பிரியா வந்திருந்ததாகச் சொன்னாள். வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் அக்கா, அப்பா விளையாடட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம்.

பொன்னுலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாளும் வேலை முடிந்ததும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்ன தீனியை ஒரு வேளை தவறாமல் போட்டார்.

குட்டிகள் வளர்ந்து முடிந்த அன்று ஜெனிட்டா இரண்டையும் ஒரே திரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே உயரம். இரண்டுமே பிறந்தபோது கோட்டைத் தொடாதவை. ஆனால் அவர் வளர்த்தது விலா எலும்பு தெரிய, கால் பின்ன நின்றது. அவள் வளர்த்ததற்கு நெஞ்சு அகன்று, கழுத்து திரண்டு, நாலு காலும் தரையில் ஊன்றியிருந்தன. குள்ளம்தான், ஆனாலும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தீனியில் ஏதோ சூட்சுமம் செய்துவிட்டாய் என்றார். ரெண்டுக்கும் ஒரே தீனிதான் என்று அவள் எடுத்துக் காட்டினாள்.

“பெறகு என்ன வித்தியாசம்?”

ஜெனிட்டா திரையை லேசாக நகர்த்தினாள். அவள் குட்டிக்குப் பக்கத்தில், இவ்வளவு நேரம் கண்ணில் படாமல், செவலை நின்றுகொண்டிருந்தது. பிறகு அவருடைய குட்டியின் பக்கம் நகர்த்தினாள். புல்லும் வேலியும் மட்டும் இருந்தன.

“உங்க லாயத்துல செவலை எப்பவும் இணைக்கொட்டில்லயே நிக்கும்” என்றாள். “இங்க வந்த நாள்லேருந்து குட்டிகூடவே விட்டேன். அவ்வளவுதான்.”

“நான் உயரத்தைத்தானேம்மா கேட்டேன்” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

“உயரம் பிறக்கும்போதே முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. அதை செவலை பாத்துப் பாத்தா குடுத்துது? கையில இருந்தது குட்டிக்குப் போச்சு. உடம்புக் கட்டும் தகப்பன்கிட்டேருந்துதான் வருது. ஆனா அது பிறக்கும்போதே முழுசா வாரதில்ல.”

பொன்னுலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் இருந்தது. இந்நேரம் சண்முகப்பிரியா வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் இந்நேரத்துக்கு அவர் சைக்கிளில் கூடவே வர, அவள் கடற்கரைச் சாலையில் ஓடுவாள்.

எழுந்தார். நாலடி நடந்து மறுபடி நின்றார்.

“அந்தக் குட்டி ஏற்கெனவே நொந்துபோய் நிக்கி” என்றார். “குடுக்கதுக்கு செவலைகிட்ட ஒண்ணும் இல்ல. பக்கத்துல போய் என்னத்தம்மா செய்யும் அது?”

“ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி” என்றாள் ஜெனிட்டா. “நிக்கும்.”