தொட்டியை நிரப்பியவர்

மலையடிவாரத்து மடத்தில் நாகலிங்கத்துக்கு ஒரே ஒரு வேலைதான். விடிவதற்குள் கிணற்றில் இறைத்துக் கல்தொட்டியை நிரப்ப வேண்டும். மலையேறுகிறவர்கள் அதில் கைகால் கழுவிப் போவார்கள். சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். மறுநாள் மறுபடியும் நிரப்ப வேண்டும்.

நாகலிங்கம் அறுபதை நெருங்குகிறவர். அவருடைய குரு தில்லையம்மாள் அவரைவிட வயதில் ரொம்பவே இளையவர். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

பொங்கலுக்கு நாகலிங்கம் தூத்துக்குடியில் மகன் வீட்டுக்குப் போனார். வெயில் ஏறும்வரை தூக்கம், பேரனோடு கடற்கரை, கேட்ட நேரத்தில் பரோட்டா. ராஜா மாதிரி இருந்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார். மறுநாள் விடியலில் விழிப்பு வந்ததுமே அலுப்புத் தட்டியது. அதே வாளி, அதே கயிறு. போர்வைக்குள்ளேயே கிடந்தார்.

அப்போது வெளியே கிணற்று உருளை கிறீச்சிட்டது.

எழுந்து போய்ப் பார்த்தார். தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. கிணற்றடியில் யாருமில்லை. “எவனோ புண்ணியவான்” என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். அடுத்த நாளும் உருளைச் சத்தம் கேட்டது. அன்று எழுந்திருக்கவே இல்லை. ஓசியில் கிடைக்கிற தூக்கத்தை மனுஷர் விடுவாரா?

மதியம் பந்தியில் சமையல்காரி வேலாயி அவர் இலையைத் தாண்டிப் போனாள்.

“ஏம்மா, எனக்கு?”

வேலாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். “இங்கயா இருக்கீங்க? கண்ணுலயே படலையே அண்ணாச்சி.”

மறுநாள் கேட்டபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி மறித்தார். அவள் அந்தக் கைமேலேயே சாம்பாரைச் சிந்திவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். ஆவி பறக்கிற சாம்பார் அவருக்குச் சுடவில்லை.

பயந்துபோய்க் கை கழுவத் தொட்டிக்கு ஓடினார். குனிந்தார். தண்ணீரில் வேப்பமரம் தெரிந்தது. கிளையிலிருந்த காகம் தெரிந்தது. அவர் தெரியவில்லை.

குருவின் காலடியில் போய் விழுந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த தில்லையம்மாள் அவருக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தார்.

“அண்ணாச்சி குரல்தானே? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க.”

“வெளிச்சத்துலதாம்மா இருக்கேன்!”

குருவின் கை நின்றது.

“தண்ணி இறைக்கிறது யாரும்மா?”

“மருதப்பர். உங்களுக்கு முன்னால இங்க இறைச்சவர்.”

“அவரைத்தான் தோட்டத்துல அடக்கம் பண்ணியாச்சே!”

“பண்ணியாச்சு. நீங்க ஊருக்குப் போகும்போது கயித்தைக் கழட்டி வச்சீங்களா?”

மடத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இறைக்கிறவர் வெளியூர் போனால் உருளையிலிருந்து கயிற்றைக் கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கயிறு சும்மா தொங்கினால் கிணறு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்பார்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவர் அதை அப்படியே விட்டுப் போயிருந்தார்.

“திருநீறு போட்டு அவரை விரட்டிருங்கம்மா.”

“உங்க கயிறு. நீங்க போய்க் கேளுங்க.”

மறுநாள் பனி விலகாத விடியலில் நாகலிங்கம் கிணற்றடிக்குப் போனார். ஒருவர் முதுகு காட்டி நின்று இறைத்துக்கொண்டிருந்தார். காலடியெல்லாம் சேறு. சேற்றில் ஒரு தடம்கூட இல்லை. அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். நாகலிங்கத்துக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பொறாமை அதிகமாக இருந்தது.

“இந்தத் தண்ணி இறைக்கிறதுல என்னய்யா உமக்கு இவ்வளவு சந்தோஷம்?”

மருதப்பர் திரும்பாமலே சொன்னார். “லீவுல வந்திருக்கேன்.”

“லீவா?”

“பொங்கலுக்கு விட்டாங்க. எங்க வேணும்னாலும் போயிட்டு வான்னாங்க. மக வீடு இருக்கு, கடல் இருக்கு. நான் இங்க வந்தேன்.” வாளி மேலே வந்தது. “வாளி ஏறும்போது உள்ளங்கை எரியும் பாரும். அது அங்க கிடைக்காது.”

“எப்பப் போறீரு?”

“இன்னையோட முடியுது.”

இப்போதுதான் அவர் திரும்பினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

“உமக்கு இது வேண்டாம்னு தெரியுது. நீர் என் இடத்துக்குப் போறீரா? அங்க வேலை கிடையாது. காலையில எழுப்ப ஆள் கிடையாது. காலையே கிடையாது.”

சொல்லிவிட்டுக் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாகலிங்கம் தன் கைகளைப் பார்த்தார். அவற்றின் ஊடாகக் கிணற்றுச் சுவர் தெரிந்தது. பேரனை நினைத்துக்கொண்டார். முகம் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை. அலறிக்கொண்டே பாய்ந்து கயிற்றைப் பிடுங்கினார். முதல் இழுப்பிலேயே உள்ளங்கைத் தோல் உரிந்தது. உயிர் போகிற மாதிரி வலித்தது. அவர் விடவில்லை.

பக்கத்தில் யாரோ அழுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு உருளையின் சத்தம் மட்டும்தான்.

“காலங்காத்தால என்ன அண்ணாச்சி இந்த வேகம்? கிணறு எங்கயும் ஓடிராது!” என்று சமையற்கட்டிலிருந்து வேலாயி கத்தினாள். நாகலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

தொட்டி நிரம்பியதும் குருவிடம் போய் நடந்ததைச் சொன்னார். குரு இப்போது நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

“அம்மா, பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்குப் பயத்துல இறைச்சேன். ஒரு வாரம் போனா மறுபடியும் அலுக்கும். அவரை மாதிரி பாடிக்கிட்டே இறைக்க எனக்கு வராது.”

“அலுத்துக்கிட்டே இறைங்க அண்ணாச்சி” என்றார் தில்லையம்மாள். “அதுக்குக்கூட அவர் அடுத்த பொங்கல் வரைக்கும் காத்திருக்கணும்.”