கொக்கி போடாத இரண்டு இன்ஜின்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சம்பந்தியம்மா ராஜாமணி. போன தைப்பூசத்துக்கு மருதமலைப் படியேறும்போது, பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் சொன்னார்கள். இதில் வரும் கிட்டுச்சாமி அவர்களுடைய கூடப்பிறந்த அண்ணன். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

கிட்டுச்சாமி முப்பத்தைந்து வருஷம் கூட்ஸ் வண்டி ஓட்டினவர். ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்கவில்லை. போத்தனூரில் ஒரு மண்டபத்து மாடியில் மாடல் ரயில் ஓட்டுகிற சங்கம் ஒன்று உண்டு. அதில் போய்ச் சேர்ந்துகொண்டார். சாவி கொடுத்து விடுகிற பொம்மை இல்லை அது. நிஜ இன்ஜினைச் சாண் நீளத்துக்குச் சுருக்கி வைத்தாற்போல் இருக்கும்.

அந்த மாடியின் ஒரு மூலையில் அவர் ஒரு மலை கட்டினார். அட்டையும் சாக்குத்துணியும் பிளாஸ்டர் மாவும் வைத்து, இரண்டு வருஷம் கட்டினார். இரண்டு குகை, ஒரு பாலம், சுற்றிச் சுற்றி உச்சிக்கு ஏறி இறங்கும் தண்டவாளம். முப்பது வேகன் கோத்த வண்டி அதில் ஏற வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு இன்ஜினுக்கு அந்தத் தெம்பு போதாது. இரண்டைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். வினை அங்கேதான் வந்தது.

மூன்று ஞாயிறு பூட்டிப் பார்த்தார். மூன்று ஞாயிறும் முதல் வளைவிலேயே வேகன்கள் சாய்ந்து விழுந்தன.

சங்கத்துச் செயலாளர் ஜோதிலிங்கம் கைகட்டி நின்று பார்த்தார்.

"கிட்டுச்சாமிண்ணா, மலை அழகாத்தான் இருக்குது. பழனிக்குப் போறதுக்குப் பதிலா இங்கயே மொட்டை போட்டுக்கலாம். ஆனா வண்டி ஏறாத மலையை வெச்சுட்டு நாம என்ன பண்றது? அடுத்த ஞாயித்துக்கெழமை கண்காட்சி. அன்னைக்கும் ஏறலைன்னா, திங்கக்கெழமை நானே ரம்பத்தோட வர்றேன். வண்டிகளை நிறுத்தி வெக்கற யார்டு போட எடம் வேணும்."

கிட்டுச்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் துளசிமணியின் கடைக்குப் போய் நின்றார்.

துளசிமணிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிற கடை வைத்திருக்கிறாள். மாடல் இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் சமாசாரம் அவளுக்கு அத்துப்படி. நகத்தளவுதான் இருக்கும் அந்த டீகோடர். கையிலிருக்கும் கன்ட்ரோலர் 'இருபது' என்று சொன்னால், இருபதுக்கு மோட்டாரை எவ்வளவு சுற்ற வைப்பது என்று முடிவு செய்வது அதுதான். சங்கத்தில் தலை நரைத்தவர்கள்கூட அவளை டீச்சர் என்பார்கள். கிட்டுச்சாமி மட்டும் அம்மிணி என்பார்.

"அம்மிணி, என் மலையைக் காப்பாத்திக் குடு."

"ரெண்டு இன்ஜினையும் எப்படீங்ணா ஜோடி சேர்த்தீங்க?"

"சிவப்பு இன்ஜின் டீகோடர்ல இருந்த வேக நம்பரையெல்லாம் நோட்டுல எழுதுனேன். அப்படியே நீல இன்ஜின்லயும் போட்டேன். ஒரு புள்ளி மாறலை."

துளசிமணி சிரித்துவிட்டாள்.

"என்ன அம்மிணி சிரிக்கற? நான் ஓட்டுன டீசல்ல வேகப்பிடியை எட்டாவது நாட்ச்ல வெச்சா, எந்த இன்ஜினுக்கும் அது எட்டாவது நாட்ச்தான்."

"அதெல்லாம் ஒரே ஊட்டுப் புள்ளைங்க. இது ரெண்டும் வேற வேற கம்பெனி டீகோடருங்ணா. சாயந்திரம் மாடிக்கு வர்றேன். இன்ஜினைச் சூடு பண்ணி வெய்யுங்க."

"சூடா?"

"இருவது நிமிஷம் சும்மா ஓட விடுங்க. எண்ணெய் இளகணுமில்ல?"

கிட்டுச்சாமிக்கு முகம் தொங்கிப் போயிற்று. ரயில்வேயில் இருந்தவரை ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஒருநாளும் நகர்த்தியதில்லை அவர். மாடல்தானே என்று இதை மட்டும் விட்டிருந்தார்.

சாயந்திரம் சமதளத்து வட்டத் தண்டவாளத்தில் இரண்டையும் தனித்தனியாக விட்டார்கள். கன்ட்ரோலரில் இருபது. சிவப்பு வெருண்ட ஆட்டுக்குட்டி மாதிரி ஓடிற்று. நீலம் கோயில் தேர் மாதிரி அசைந்து வந்தது.

"நீலத்தை இன்னும் கொஞ்சம் முடுக்கோணும்" என்றார் கிட்டுச்சாமி.

"முடுக்குங்க."

முடுக்கினார். அதற்குமேல் நம்பர் இல்லை என்கிற இடம் வரைக்கும் போனார். அப்போதும் நீலம் பின்னால்தான் வந்தது.

"அப்பச் சிவப்பைக் கொறைங்க" என்றாள் துளசிமணி.

அவர் கை நின்றது. அந்தச் சிவப்பு இன்ஜின் அவர் தன் கையாலேயே செய்தது. கடைசி டியூட்டியில் அவர் ஓட்டின இன்ஜினின் எண்ணைத்தான் அதன் நெற்றியில் எழுதியிருந்தார்.

"அம்மிணி, நல்லா ஓடறது என்ன தப்புப் பண்ணுச்சு? அதைப் போய் அமுக்கோணுமா?"

துளசிமணி இரண்டையும் கொக்கி போட்டுப் பூட்டினாள். பின்னால் முப்பது வேகனையும் கோத்தாள். மலை ஏற விட்டாள். முன்னால் போன சிவப்பு வெடுக்கென்று இழுத்தது. நீலத்தின் சக்கரம் தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே போனது. முதல் வளைவில் வேகன்கள் சாய்ந்தன.

சிவப்பை எடுத்து அவர் வலது கையில் வைத்தாள். நீலத்தை இடது கையில் வைத்தாள்.

"எது சுடுதுங்ணா?"

"ரெண்டும் சுடுது."

"வண்டி எங்க நிக்குது?"

"அடிவாரத்துல."

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியிறங்கும்போது திரும்பி, "கொக்கியைக் கழட்டிருங்க. நான் சொல்ற வரைக்கும் போட வேண்டாம்" என்றாள்.

கிட்டுச்சாமி கொக்கியைக் கழற்றினார். பிறகு சிவப்பின் உச்ச வேகத்தைக் குறைத்தார். இருநூற்றைம்பது இருந்ததை இருநூற்றுப் பத்து ஆக்கினார். பிறகு நூற்றெண்பது. ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்தும்போது, பெற்ற பிள்ளையின் காதைத் திருகுவது போல் இருந்தது அவருக்கு.

செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் அதே வேலைதான். ஒரே வட்டத்தில் இரண்டு இன்ஜினையும் ஒரு முழ இடைவெளி விட்டு நிறுத்துவார். ஒரே நேரத்தில் கிளப்புவார். பத்துச் சுற்று வந்தபிறகு முழக்கோலை வைத்து அளப்பார். கிளம்புகிற வேகம் சரியாக இருந்தால் உச்ச வேகம் பிசகும். உச்சம் சரியானால் நடு வேகம் பிசகும். டீகோடரில் மூன்றுக்கும் மூன்று நம்பர். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே மாற்றுவார்.

வெள்ளிக்கிழமை துளசிமணி வந்து பார்த்தாள். அவர் நோட்டில் இரண்டு இன்ஜினுக்கும் ஒரு நம்பர்கூட ஒத்துப் போகவில்லை. தண்டவாளத்தில் இடைவெளி மட்டும் ஒரு முழம், ஒரு முழம், ஒரு முழம்.

"கொக்கி போட்டுரலாமா அம்மிணி?"

"ஞாயித்துக்கெழமை. எல்லாரும் பாக்க."

கண்காட்சி அன்று மாடி கொள்ளாத கூட்டம். ஜோதிலிங்கம் திங்கட்கிழமை வரை காத்திராமல் அன்றே ரம்பத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பந்தல் காலில் சாய்த்து வைப்பது போல் அதை மலையின்மேல் சாய்த்து வைத்தார்.

கிட்டுச்சாமி இரண்டு இன்ஜினையும் அடிவாரத்தில் நிறுத்தினார். கொக்கியில் கை வைத்தார்.

"இருங்ணா" என்றாள் துளசிமணி. "முதல்ல சும்மா போய்ட்டு வரட்டும்."

"வண்டி இல்லாமயா?"

"வண்டியும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம். நடுவுல ஒரு விரக்கடை விடுங்க."

அவர் ஒரு விரற்கடை இடம் விட்டு இரண்டையும் கிளப்பினார்.

"அண்ணாவுக்குக் கொக்கி போட மறந்து போச்சு!" என்று ஜோதிலிங்கம் குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது.

இரண்டும் பாலத்தில் ஏறின. நடுவில் ஒரு விரற்கடை. முதல் குகைக்குள் போயின. சிரிப்பு கொஞ்சம் அடங்கிற்று. குகைக்கு வெளியே சிவப்பு வந்தது. ஒரு விரற்கடை விட்டு நீலம் வந்தது. யாரோ ஒரு அம்மாள், "கண்ணுக்குத் தெரியாத கயிறு கட்டியிருக்காங்களாட்ட இருக்குது" என்றாள். உச்சியைச் சுற்றிக்கொண்டு இரண்டாவது குகை வழியாக இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றன. துளசிமணி சுட்டுவிரலை நடுவில் விட்டுக் காட்டினாள். சரியாக இருந்தது.

"இப்பப் போடுங்ணா."

கிட்டுச்சாமி கொக்கியைப் போட்டார். முப்பது வேகனையும் கோத்தார். கன்ட்ரோலரைத் திருகினார்.

வண்டி அசைந்தது. வெடுக்கென்ற இழுப்பு இல்லை, சக்கரம் தேயும் சத்தம் இல்லை. முதல் வளைவு வந்தது. கிட்டுச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கடைசி வேகனும் வளைவைத் தாண்டிப் பாலத்தில் இருந்தது. வண்டி குகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. இன்ஜின்கள் உச்சியைத் தொட்டபோது, வால் இன்னும் கீழ்க் குகைக்குள் இருந்தது. முப்பது வேகனும் ஒவ்வொன்றாக உச்சிக்கு வந்து சேர்ந்தன.

கூட்டம் போட்ட கூச்சலில் கீழே தெருவில் போகிறவர்கள் நின்று மேலே பார்த்தார்களாம். ஜோதிலிங்கம் ஓடிவந்து கிட்டுச்சாமியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. "அடப் போங்ணா! இன்னொரு தடவை! இன்னொரு தடவை ஏத்துங்க!" என்று குழந்தை மாதிரிக் கத்தினார். அன்று பதினொரு தடவை ஏறிற்று. ரம்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூட அவருக்கு ஞாபகம் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு கிட்டுச்சாமி இரண்டு இன்ஜினையும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தோஷம்தான். ஆனாலும் மனசில் ஒன்று உறுத்திற்று. சிவப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், நெசத்தைச் சொல்லுங்க. வண்டியை ஜாஸ்தி இழுத்தது எது?"

துளசிமணி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அது அந்த ரெண்டுக்குமே தெரியாதுங்ணா."

கிட்டுச்சாமி சிவப்பைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். இரண்டையும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இவ்வளவுதான் சம்பந்தியம்மா சொன்னது. இந்தக் கதையை நீங்கள் வேறு யாருக்காவது சொன்னால், அந்தப் பெண் துளசிமணியின் பேரை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.