வடக்கே திரும்பிய கழுத்து

பங்குனி பிறந்ததும் ஏரியில் இருந்த வரித்தலை வாத்துகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்தது. மேயப் போனவை பாதியில் திரும்பின. தூங்கப் போனவை எழுந்து நடந்தன. பொழுது சாய்ந்தால் போதும், அத்தனை கழுத்துகளும் தாமாகவே வடக்கே திரும்பிவிடும். பனிமலைக்கு அப்பால் இருந்தது அவற்றின் சொந்த ஊர்.

மலையைத் தாண்டுவது லேசான காரியம் அல்ல. அதனால் வாத்துகள் வரிசை கட்டித்தான் பறக்கும். அந்த வரிசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜோடி ஜோடியாகத்தான் இடம். துணையை இழந்தவர்கள் தங்கள் பிள்ளை ஜோடியின் பின்னால் பறக்கலாம். வரிசையில் இடம் கிடைக்காத வாத்து எதிர்காற்றில் தனியாகச் சிக்கும். அப்படிச் சிக்கிய எதுவும் ஊர் போய்ச் சேர்ந்ததில்லை.

கூட்டத்தின் தலைவர் பெருவரியார் ஒரு நாள் காலையில் ஜோடிகளைக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கழுத்தைத் தாழ்த்தி வணங்க வேண்டும். அதுதான் கல்யாணம், அதுதான் பயணச்சீட்டு.

செங்காலன் என்ற இளம் ஆண் வாத்தின் முறை வந்தது. அவன் நேராகப் போய்த் தூவியன் முன்னால் நின்று கழுத்தைத் தாழ்த்தினான். தூவியனும் தாழ்த்தினான். தூவியனும் ஆண் வாத்துதான்.

ஏரியே திரும்பிப் பார்த்தது. பிறகு பேச ஆரம்பித்தது. பேச ஆரம்பித்த ஊரை நிறுத்த முடியுமா?

"திமிரு! வேணும்னே பண்றான். பொண்ணா இல்ல இந்த ஏரியில?" என்றது மூக்கன் என்ற வாத்து. எதற்கெடுத்தாலும் முதலில் கருத்துச் சொல்வது அதன் வழக்கம்.

"பிறவிக் கோளாறா இருக்கும். முட்டையில இருக்கும்போது இடி இடிச்சிருக்கும்," என்றது இன்னொன்று.

"நாமக்கோழிங்களோட சேர்ந்து மேஞ்சான்ல, அதுங்ககிட்ட பழகினது," என்றது மற்றொன்று. பாவம் நாமக்கோழிகள். நெற்றியில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த நீர்ப்பறவைகள் தம்பாட்டுக்குப் பாசி தின்றுகொண்டிருந்தன.

பிறவியா, பழக்கமா, திமிரா என்று அன்று முழுவதும் வாக்குவாதம் நடந்தது. செங்காலனிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடைசியில் பெருவரியார் சொன்னார். "எதுவா இருந்தாலும் சரி. கிளம்புற நாளுக்குள்ள அவன் ஒரு பெண் துணையோட வரட்டும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் வரிசையில இடம் இல்ல."

செங்காலனின் தாய் வடிவும் அங்கேதான் இருந்தாள். அவள் கணவன் போன மழையில் இறந்துவிட்டான். அவள் இடது இறக்கை ஒரு முறை வலையில் மாட்டிக் கிழிந்து, கோணலாகக் கூடியிருந்தது. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் இப்போது அவள் நினைப்பில் இறக்கை இல்லை. பிள்ளை எதிர்காற்றில் தனியாகச் சிக்குவதை எண்ணி எண்ணி அவள் கரையில் அங்கும் இங்கும் நடந்தாள்.

இதையெல்லாம் கோரைப் புதருக்குள் இருந்து ஒரு நரி கேட்டுக்கொண்டிருந்தது. அது மெல்ல வெளியே வந்தது.

"கவலைப்படாதீங்க தாயே," என்றது. "நான் மனசு வைத்தியன். இதெல்லாம் ஒரு கெட்ட பழக்கம். உறுதியா இருந்தா மாத்திடலாம். கரையில எனக்கு ஒரு வைத்தியக் குழி இருக்கு. பிள்ளையை அதுல விட்டுடுங்க, கூட்டம் ஊருக்குக் கிளம்பட்டும். குணமானதும் நான் பின்னால அனுப்பி வைக்கிறேன்."

நரிக்கு நாட்டாமை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும் என்பார்கள். இந்த நரி வைத்தியமே கொடுத்தது. ஆனால் பயந்தவர் காதில் பழமொழி ஏறாது. வாத்துகளுக்குப் பெரிய நிம்மதி. பாரத்தை இறக்கி வைக்க ஒரு தலை கிடைத்துவிட்டதே!

"நான் போகல அம்மா," என்றான் செங்காலன்.

"ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாரு ராசா. எனக்காக."

"பண்ணாமலா இருந்தேன்?" என்றான் அவன். தாய்க்கு அது காதில் விழவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கூட்டம் முழுவதும் குழியைச் சுற்றி நின்றது. குழிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே போட ஒரு பனையோலைப் பாயும் தயாராக இருந்தது. செங்காலன் தலை குனிந்து குழியை நோக்கி நடந்தான்.

"நில்லுய்யா," என்றாள் வடிவு.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்குக் கொடுக்கிற கஷாயத்தைத் தாய் முதல்ல தன் நாக்குல வெச்சுப் பார்ப்பா. வைத்தியரே, உம்ம மருந்தை முதல்ல எனக்குக் கொடும்."

நரி திடுக்கிட்டது. "உங்களுக்கு என்ன நோய் தாயே?"

"வடக்கே போற நோய். இந்த இறக்கையை வெச்சுக்கிட்டு மலையைத் தாண்ட முடியாது. எனக்கே தெரியும். இந்த ஏரியிலேயே இருந்துட்டா பிழைச்சுக்குவேன். ஆனா சாயங்காலம் ஆனா கழுத்து வடக்கே திரும்புது. உடம்பெல்லாம் பதறுது. அதை மாத்திக் கொடும். எனக்கு மாறினா என் பிள்ளையைத் தர்றேன்."

அத்தனை பேர் முன்னால் நரியால் மறுக்க முடியவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தலையை ஆட்டியது.

வடிவு குழிக்குள் இறங்கினாள். நரி அவளைப் பிடித்து நாலைந்து சுற்றுச் சுற்றித் தெற்கே பார்க்க வைத்தது. பனையோலைப் பாயைப் போட்டு மூடியது. உள்ளே ஒரே இருட்டு. சூரியனும் தெரியாது, ஏரியும் தெரியாது.

"தெற்குதான் நல்லதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க!" என்று நரி மேலிருந்து கத்தியது.

"தெற்குதான் நல்லது, தெற்குதான் நல்லது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கூடவே வைக்கோல் சரசரத்தது.

சற்று நேரம் கழித்து நரி பாயை விலக்கியது. வடிவு வடக்கே பார்த்து நின்றாள்.

நரி மறுபடி அவளைச் சுற்றிவிட்டு மூடியது. மறுபடி திறந்தது. வடக்கு. அதட்டிப் பார்த்தது. கெஞ்சிப் பார்த்தது. காதைக் கடித்துவிடுவேன் என்றது. வாத்துக்கு ஏது கடிக்கிற மாதிரி காது? ஒவ்வொரு முறையும் வைக்கோல் சரசரத்தது. ஒவ்வொரு முறையும் வடக்குதான்.

"நீங்க மனசார முயற்சி பண்ணல," என்றது நரி எரிச்சலோடு.

வடிவுக்கு மூச்சு வாங்கியது. "நானா? இங்கேயே இருந்தா உயிர் பிழைப்பேன், போனா செத்தாலும் செத்துப்போவேன். இந்தக் கூட்டத்துல என்னைவிட ஆசையா முயற்சி பண்றவ யாரு இருக்கா? ஆனா நான் திருப்பல வைத்தியரே. அதுவா திரும்புது."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தான் சொன்னதே அவளுக்கு இப்போதுதான் கேட்டது. அவள் குழிக்குள் இருந்தபடியே பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கும் இப்படித்தானா ராசா?"

"ஆமாம்மா," என்றான் செங்காலன். "போன வருஷம் முழுக்கப் பெண் வாத்துங்க பக்கத்துலேயே போய் நின்னேன். நல்லா பேசினாங்க, நல்லா சிரிச்சாங்க. ஆனா தூவியன் தண்ணியில இறங்கினா என் கழுத்து அந்தப் பக்கம் போயிடும். எனக்கும் பதறும். உங்ககிட்ட சொல்லத்தான் பயமா இருந்துது."

வடிவு அழுதாள். "சொல்ல முடியாதபடி நான் வெச்சிருந்தேனே," என்றாள்.

பிறகுதான் தன் காலடியைப் பார்த்தாள். திரும்பித் திரும்பி அவள் மிதித்ததில் வைக்கோல் விலகியிருந்தது. அதற்குக் கீழே இறகுகள் கிடந்தன. கறுப்பு இறகு, பழுப்பு இறகு, ஒரு சிறு எலும்பு.

"வைத்தியரே, இதெல்லாம் உம்ம பழைய நோயாளிங்களா? எல்லாருக்கும் குணமாயிடுச்சா?"

நரி பாய்ந்து அவள் கழுத்தைப் பிடிக்கப் பார்த்தது. அதற்குள் செங்காலனும் தூவியனும் இரண்டு பக்கமும் அதன் மேல் விழுந்தார்கள். பின்னாலேயே கூட்டம் முழுவதும் விழுந்தது. இறக்கைகள் அடித்த அடியில் கண் தெரியாமல் போன நரி, வந்த வழி மறந்து முள்ளுக்குள் ஓடியது.

அப்போதும் மூக்கனுக்கு வாய் அடங்கவில்லை. "சரி, அப்ப இது பிறவின்னே வெச்சுக்குவோம். ஆனா எதனால வந்துதுன்னு தெரிய வேண்டாமா?"

"உன் கழுத்து ஏன் வடக்கே திரும்புதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் வடிவு.

மூக்கன் யோசித்தது. யோசிக்கும்போதும் அதன் கழுத்து வடக்கேதான் இருந்தது.

"தெரியாது," என்றது.

"தெரியாமத்தானே உனக்கு வரிசையில இடம் கொடுத்திருக்கு."

பெருவரியார் குழியை எட்டிப் பார்த்தார். அவர் உத்தரவு போட்டது இதே கரையில்தான். ஒரு தாயைக் குழிக்குள் இறக்கியதும் அந்த உத்தரவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விடியலில் காற்று திரும்பியது. அவர் ஜோடிகளைக் கூப்பிட்டார். பாதி வரிசை எழும்பிய பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "செங்காலன், தூவியன்!" என்றார்.

இருவரும் கழுத்தைத் தாழ்த்தி வணங்கினார்கள். பிறகு எழும்பாமல் நின்றார்கள்.

"அம்மா, நீங்க?" என்றான் தூவியன். அவளை அவன் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வடிவு ஏரியைப் பார்த்தாள். மலையைவிடப் பாதுகாப்பான ஏரிதான். "கழுத்து திரும்புறது என் கையில இல்ல," என்றாள். "போறதும் இருக்கிறதும் என் கையில இருக்கு. பிள்ளைங்க பின்னால பறக்க எனக்கு இடம் இருக்கு, போறேன்."

அவர்கள் இருவரும் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போக, அவள் கோணல் இறக்கையை விரித்துப் பின்னால் எழும்பினாள்.

ஒருவர் மனம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவருக்கு வரிசையில் இடம் தருவதா, மறுப்பதா என்பதைத்தான் மற்றவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.