வானளந்தார் சொன்ன பத்தாவது புதுமை

தாழம்பூண்டிக் குளத்துக்கு ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு வாத்து வரும். பனிமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பட்டைத்தலை வாத்து. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் ஒரு மிடுக்கு. பெயர் பண்டிதர் வானளந்தார். அவர் வானத்தை அளந்தாரோ இல்லையோ, நன்றாக அளப்பார்.

வந்து இறங்கியதும் குளத்தின் நடுத்திட்டில் ஏறி நிற்பார். "வரும் ஆண்டில் வரப்போகும் பத்துப் புதுமைகள்!" என்று கூவுவார். குளமே வாய் பிளந்து கேட்கும்.

ஒரு வருஷம், "தவளைகளே! இனிக் கத்த வேண்டாம். நினைத்தாலே அடுத்த குளத்துக்குக் கேட்கும்!" என்றார். தவளைகள் மழைக்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நினைத்தன. அந்த வருஷம் ஒரு தவளைக்கும் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வருஷம், "நத்தைகளுக்குச் சக்கரம் முளைக்கும்!" என்றார். ஒரு நத்தை, சக்கரம் வந்த பிறகு நகர்ந்துகொள்ளலாம் என்று ஒரே இலையில் பதினொரு மாதம் உட்கார்ந்திருந்தது.

யாராவது கேட்டால் வானளந்தார் அசரமாட்டார். "பத்தில் எட்டு பலித்துவிட்டது. மதிப்பெண் நானே போட்டேன். மீதி இரண்டும் வந்துகொண்டே இருக்கின்றன!" என்பார்.

இந்த மார்கழியிலும் ஒன்பது புதுமைகளை அடுக்கினார். கெளுத்தி மரம் ஏறும், கொக்கு சைவமாகும் என்பதெல்லாம் அதில் உண்டு. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். பத்தாவதுதான் வினையாகிவிட்டது.

"குளத்தில் தண்ணீர் வைக்கும் காலம் மலையேறிவிட்டது! இனித் தண்ணீர் வானத்திலேயே இருக்கும். சித்திரை முதல் நாள் மேகங்கள் தாழ இறங்கி உங்கள் தலைக்கு மேல் நிற்கும். வாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். மூடினால் நின்றுவிடும். ஆகவே, மடு தோண்டும் மடமையை இன்றே விடுங்கள்!"

குளம் கைதட்டி ஆரவாரித்தது. சடச்சி என்கிற நண்டு மட்டும் கொடுக்கைத் தூக்கவில்லை.

மடு என்பது குளத்தின் நடுவே இருக்கும் பள்ளம். தை பிறந்ததும் குளத்து உயிர்கள் எல்லாம் விடியற்காலையில் ஆளுக்கொரு வாய் மண் எடுத்துக் கரையில் துப்பும். பங்குனி முடியும்வரை இதுதான் வழக்கம். சித்திரையில் குளம் வற்றினாலும் மடுவில் தண்ணீர் நிற்கும். அதை வைத்துத்தான் கோடையைக் கடப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மடு ஆழம் போதவில்லை. சடச்சியின் முதல் ஈட்டுக் குஞ்சுகள் அத்தனையும் சேற்றோடு சேர்ந்து காய்ந்துபோயின. அதை அவள் கண்ணால் பார்த்தவள். இப்போது மறுபடியும் அவள் வயிற்று மடலுக்குள் நூறு முட்டைகள் இருக்கின்றன. 'இந்த முறை விடமாட்டேன்' என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

தை முதல் நாள் விடிந்தது. மடுவில் இறங்கியது சடச்சி ஒருத்திதான்.

கரையில் கிடந்த தவளை மாசானம் கேட்டது. "என்னக்கா, இன்னுமா மண்ணு சுமக்கீங்க? வானத்துலருந்து தண்ணி வரப்போவுதுல்லா!"

"வந்தா குளிச்சுக்கிடுவேன் தம்பி. வரலைன்னா நீ எதைக் குடிப்பே?"

மாசானம் கொட்டாவி விட்டது. சடச்சி இன்னொரு பிடி மண்ணை அள்ளினாள்.

வானளந்தார் நடுத்திட்டில் இருந்தபடியே சிரித்தார். "பக்கவாட்டில் நடக்கும் இனம்! உனக்கு முன்னேற்றத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"பக்கவாட்டுல நடந்தாலும் போய்ச் சேர்ந்துருதேனே, சாமி!" என்றாள் சடச்சி. சொல்லிவிட்டு நிற்கவில்லை. மண்ணோடு நகர்ந்துவிட்டாள்.

தை போயிற்று. மாசியும் போகப் பார்த்தது. அவளுடைய கொடுக்கு நுனி தேய்ந்துவிட்டது. ஆனாலும் மடு ஒரு நண்டு உயரம்கூட இறங்கவில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி எத்தனை நாள் இழுப்பாள்? தனியாகத் தோண்டினால் இது முடியாது என்று அவளுக்கே புரிந்தது. ஊரைத் திருப்ப வேண்டும். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்று தோன்றியது.

மாசி கடைசி நாள். வானளந்தார் வழக்கம்போல் திட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார். சடச்சி ஈர உடம்போடு திட்டில் ஏறினாள்.

"சாமி, சித்திரை முதல் நாள் மேகம் இறங்குமுல்லா? முதல் சொட்டை நீங்கதான் குடிக்கணும். எந்த இடத்துல நிப்பீங்கன்னு சொல்லுங்க, நாங்க பூப் போட்டு வைக்கோம்!"

"அட, ஆமா!" என்று துள்ளியது மாசானம். "மாலை போட்டு மரியாதை பண்ணணும்!"

"நானே தாமரை கொண்டாறேன்!" என்றார் விரால் மீன் பேச்சிமுத்து.

வானளந்தார் தொண்டையைச் செருமினார். "அன்பர்களே! உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் பங்குனி பிறந்ததும் நான் வடக்கே போய்விடுவேன்."

"ஏன் சாமி?" என்றாள் சடச்சி.

"நல்ல கேள்வி கேட்டாய்! சித்திரை வெயிலில் மனிதன் இருப்பானா இங்கே? கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இருக்காதே!"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

பேச்சிமுத்து மெல்ல முன்னால் வந்தார். "தலைக்கு மேல மேகம் நிக்கும்னீரே, பண்டிதரே?"

"அது... தொலைநோக்கோடு பார்த்தால்..."

"போன கோடைக்கும் உம்மை இங்க காணோம். அதுக்கு முந்தின கோடைக்கும் காணோம். எங்க கோடை ஒண்ணைக்கூட நீர் பார்த்ததில்லை!"

வானளந்தார் சிறகை விரித்தார். "எனக்கு நேரமாகிறது!" என்று எழும்பினார். இரண்டு நாள் கழித்துக் கிளம்ப வேண்டியவர், அன்றைக்கே கிளம்பிவிட்டார்.

மாசானம் சடச்சியின் பக்கம் திரும்பியது. முகத்தில் ஈயாடவில்லை. "ரெண்டு மாசம் வீணாப்போச்சேக்கா. இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. முடியுமா?"

"பேசுத வாயில மண்ணை அள்ளு, முடியும்!" என்றாள் சடச்சி.

அள்ளினார்கள். விடியலில் மட்டுமல்ல, உச்சி வெயிலிலும் அள்ளினார்கள். ஆளுக்கு ஒரு வாய் என்ற கணக்கெல்லாம் போயிற்று. "சக்கரம் வந்த பாடில்லை, வயித்தாலயே வாரேன்" என்று நத்தையும் இறங்கியது. பங்குனி கடைசி நாள்வரை யாரும் ஓயவில்லை.

சித்திரை பிறந்தது. வானத்தில் மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. மாசானம் ஒரு ஆசைக்கு அண்ணாந்து வாயைத் திறந்து பார்த்தது. வெயில்தான் உள்ளே போயிற்று. பத்தே நாளில் குளத்தின் தரை பாளம் பாளமாக வெடித்தது. மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அதிகம் இல்லை, ஆனால் போதும்.

ஒரு நாள் சாயங்காலம் சடச்சி மடுவில் இறங்கி வயிற்று மடலைத் திறந்தாள். கடுகு அளவு குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. விழுந்ததும் பக்கவாட்டில் ஓடின. சடச்சிக்கு அழுகை வந்தது. தேய்ந்துபோன கொடுக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நீதி: நாளைக்கு இது நடக்கும் என்று அடித்துச் சொல்பவர், அந்த நாளில் நம்மோடு இருப்பாரா என்று கேட்டுவிட்டுத்தான் கையிலிருக்கும் வேலையைக் கீழே போட வேண்டும்.